பின்னால் நிற்பது யார்? ஜப்பானில் வெளிநாட்டு மாணவரின் அன்றாடம்

ஜப்பானுக்குப் படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, ‘அந்த மொழி தெரியுமா?’ என்பதுதான். கேட்பதில் தவறில்லை. மொழி தெரியாமல் அங்கே ஒரு மருந்துக் கடையில் நிற்பது வேதனைதான். ஆனால் மொழிக்கு ஏதோ ஒரு வழி உண்டு. கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் உதவிக்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பருவம் போனால் காதும் பழகிவிடும். செயலியால் தீராத சிக்கல் வேறு. வீடு, வங்கி, தொலைபேசி, வேலை என்று ஜப்பானில் எதைத் தொட்டாலும், ஒவ்வொருவருக்கும் நிலையான முகவரி ஒன்றும், பின்னால் நின்று பொறுப்பேற்க ஒரு குடும்பமும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே விதிகளை எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர் இரண்டும் இல்லாமல் வந்து இறங்குகிறார். அவர் படும் அலைச்சலில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

வருகிறவர்கள் கொஞ்சநஞ்சப் பேர் அல்லர். 1983-இல் பிரதமர் நகசோனே யசுஹிரோவின் அரசு, நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று இலக்கு வைத்தது. 2003-இல்தான் அது கைகூடியது. 2008-இல் வைத்த மூன்று லட்சம் என்ற இலக்கை 2019-இல் தாண்டினார்கள். கொரோனாக் காலத்தில் சரிந்த எண்ணிக்கை, 2024 மே மாதக் கணக்கில் 3,36,708 ஆக ஏறியது. மொழிப் பள்ளிகளில் படிப்போரும் இதில் அடக்கம். சீனா, நேபாளம், வியட்நாம் ஆகியவை முதல் மூன்று இடங்களில் இருக்கின்றன. 2033-க்குள் நான்கு லட்சம் என்பது இப்போதைய இலக்கு. பிறப்பு குறைந்து வகுப்பறைகள் காலியாகிவரும் நாட்டுக்கு மாணவர்கள் வேண்டும். ஆனால் அழைப்பு அனுப்பும் கை ஒன்று, வீட்டுச் சாவி கொடுக்கும் கை வேறொன்று.

முகவரியில் தொடங்கும் சங்கிலி

நரிதா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் ‘ஜாய்ரியூ கார்டு’ என்ற வசிப்பிட அட்டையை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். 2012 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் அட்டை இது. எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முக்கியமான ஆவணம் என்றால் பெட்டிக்குள் பூட்டி வைப்பது நம் பழக்கம். அங்கே அப்படிச் செய்துவிட்டு வெளியே போனால் அது விதிமீறல். அட்டையில் முகவரி இருக்காது. குடிபுகுந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்துக்கோ நகராட்சிக்கோ போய்ப் பதிவு செய்தால் அட்டையின் பின்புறம் முகவரியை எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரி விழுந்த பிறகுதான் அட்டைக்கு உயிர் வருகிறது.

குரல் அழைப்பு வசதியுள்ள சிம் வாங்க, முகவரியுடன் கூடிய அடையாளச் சான்று வேண்டும். விமான நிலையத்தில் விற்கும் சிம்களில் பெரும்பாலானவை இணையத்துக்கு மட்டுமே பயன்படும். அவற்றோடு உள்ளூர் எண் வராது. வங்கிக் கணக்குத் தொடங்க முகவரியும் வேண்டும், உள்ளூர் எண்ணும் வேண்டும். தொலைபேசித் திட்டங்கள் பலவற்றுக்கு வங்கிக் கணக்கோ கடன் அட்டையோ வேண்டும். வாடகை ஒப்பந்தம் போட உள்ளூர் எண் வேண்டும். வீடு இல்லாமல் முகவரி ஏது? இந்த வட்டத்துக்குள் நுழைய, கேள்வி கேட்காமல் யாராவது ஒரு முதல் முகவரியைக் கொடுத்தாக வேண்டும். பல்கலைக்கழக விடுதி செய்யும் பெரிய உதவி இதுதான். வாடகையில் மிச்சமாகும் பணம் அதற்கு அடுத்தபடி. ஆறு மாதமோ ஓராண்டோதான் விடுதி என்றாலும், சேர்க்கைக் கடிதம் வந்த கையோடு விண்ணப்பித்துவிட வேண்டும் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

வங்கி விஷயத்தில் இன்னொரு சிடுக்கு உண்டு. அந்நியச் செலாவணி விதிகளின்படி, ஜப்பானுக்கு வந்து ஆறு மாதம் ஆகாத வெளிநாட்டு மாணவர் பொதுவாக அந்நாட்டில் ‘வசிப்பவர்’ ஆகமாட்டார். ஆகவே பல வங்கிகள் கணக்குத் தர மறுக்கும், அல்லது பணம் அனுப்புவதில் கட்டுப்பாடு போடும். புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் அஞ்சல் வங்கியான யூச்சோவை நாடிப் போவது இதனால்தான். வசிப்பிட அனுமதியைப் புதுப்பித்த பிறகு புதிய அட்டையை வங்கியிலும் காட்ட வேண்டும். மறந்தால் கணக்கு முடங்கலாம். ‘ஹான்கோ’ எனப்படும் பெயர் முத்திரை இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று பழைய கையேடுகள் பயமுறுத்தும். 2020-இல் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சராக இருந்த கோனோ தாரோ, அரசு நடைமுறைகளில் முத்திரையின் தேவையைப் பெருமளவு ஒழித்துவிட்டார். இருந்தாலும் சில வங்கிக் கிளைகளிலும் வீட்டு ஒப்பந்தங்களிலும் இன்னும் கேட்கிறார்கள்.

தமிழ் மாணவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை: பெயர். ஜப்பானியப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் இணையப் படிவம் மேலே நகராது. அப்பாவின் பெயரைப் போட்டிருந்தால், பேராசிரியர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோரும் அப்பாவைத்தான் ‘சான்’ போட்டு மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. வெளிநாட்டுப் பெயர்களை எழுத அங்கே பயன்படுத்தும் கதகானா எழுத்தில் நம் பெயரை எழுதப் பல வழிகள் உண்டு. வங்கியில் ஒரு மாதிரி, தொலைபேசி நிறுவனத்தில் வேறு மாதிரி எழுதிக்கொடுத்தால் தானியங்கிப் பணப்பிடித்தம் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திரும்பிவிடும். முதல் நாளே ஒரு கதகானா வடிவத்தைத் தீர்மானித்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும்.

பொறுப்பாளர் என்ற வணிகம்

ஒரு காலத்தில் ஜப்பானுக்குப் படிக்க வருவதற்கே உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டியிருந்தது. 1990-களின் நடுவில் அரசு அந்த விதியைக் கைவிட்டது. வீட்டு உரிமையாளர்கள் கைவிடவில்லை. வாடகை நின்றால் யார் தருவார், சுவரைப் பாழாக்கினால் யார் பதில் சொல்வார், சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பது? இந்தக் கேள்விகளுக்கு ஜப்பானிய மாணவர் தன் தந்தையைக் காட்டுவார். வெளிநாட்டு மாணவர் யாரைக் காட்டுவார்? சட்ட அமைச்சகத்துக்காக நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். மறுப்பவர்கள் முகத்தைச் சுளிப்பதில்லை. மிகுந்த பணிவோடு, ‘உரிமையாளர் கொஞ்சம் தயங்குகிறார்’ என்பார்கள்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தம், தனிநபர் பொறுப்பாளர் அதிகபட்சம் எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்றது. தொகையை எண்ணில் பார்த்ததும் உறவினர்களே கையெழுத்திடத் தயங்கினார்கள். ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த ‘உத்தரவாத நிறுவன’ வணிகத்துக்கு அது நல்ல தீனி. இன்று ஜப்பானியரே அந்த நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்டித்தான் வீடு எடுக்கிறார்கள். தொடக்கத்தில் பாதி முதல் ஒரு மாத வாடகை. பிறகு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை. மாணவர் வாடகை கட்டாவிட்டால் நிறுவனம் உரிமையாளருக்குக் கட்டிவிட்டு மாணவரிடம் வசூலிக்கும். ஆக, இந்தக் கட்டணத்தால் காப்பாற்றப்படுவது உரிமையாளர், கட்டுவது மாணவர். இதற்கு மேலும் ‘அவசரத் தொடர்பு’ என்று ஒரு பெயர் கேட்பார்கள். ஜப்பானில் வசிக்கும், ஜப்பானிய மொழி பேசும் ஒருவர் என்று நிபந்தனையும் போடுவதுண்டு. அவருக்குப் பணப் பொறுப்பு கிடையாது. ஆனாலும் ஒருவரைப் பிடிப்பது எளிதல்ல.

மாதம் 60,000 யென் வாடகையில் டோக்கியோவில் ஓர் ஒற்றை அறை என்று வைத்துக்கொள்வோம். திரும்பக் கிடைக்கக்கூடிய முன்பணம் (ஷிகிகின்) ஒரு மாதம். உரிமையாளருக்கு ‘நன்றிப் பணம்’ (ரெய்கின்) ஒரு மாதம். இது திரும்பவே வராது. தரகர் கட்டணம் வரியோடு 66,000 வரை. உத்தரவாத நிறுவனத்துக்கு 30,000. முதல் மாத வாடகை. தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு தனி. எல்லாம் சேர்ந்தால் மூன்று லட்சம் யென்னைத் தாண்டும். இரண்டு ஆண்டு முடிந்தால், டோக்கியோவும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் சேர்ந்த கான்டோ பகுதியில் ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணமும் உண்டு. நன்றிப் பணத்துக்கு எத்தனையோ வரலாற்று விளக்கங்கள் சொல்கிறார்கள்; வாடகையும் வாங்கிக்கொண்டு நன்றிக்கும் விலை வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இவ்வளவும் கொடுத்துக் கதவைத் திறந்தால் உள்ளே மின்விளக்குகூட இல்லாமல் இருக்கலாம். திரைச்சீலை, அடுப்பு எல்லாம் நாமே வாங்கிக்கொள்ள வேண்டியவை. ‘ஆறு ஜோ’ என்று விளம்பரத்தில் பார்ப்பது ஆறு தத்தாமிப் பாய் விரிக்கும் இடம், சுமார் 10 சதுர மீட்டர். பார்க்க வேண்டியதில் முக்கியமானது கட்டடம் கட்டிய ஆண்டு. 1981 ஜூனில் நிலநடுக்கத் தாங்குதிறன் விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்கு முந்தைய கட்டடம் என்றால் வாடகை குறைவாக இருப்பதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பல பல்கலைக்கழகங்கள், மாணவர் ஒரு குறிப்பிட்ட காப்பீட்டில் சேர்ந்தால் நிறுவனம் என்ற முறையில் தாமே பொறுப்பாளராக நிற்கின்றன. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டால்தான் சொல்வார்கள், கேட்காதவருக்குத் தெரியாது. அரசு சார்ந்த யூஆர் குடியிருப்புகளில் நன்றிப் பணம், தரகு, பொறுப்பாளர், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் வருமானத்தையோ சேமிப்பையோ காட்ட வேண்டும். சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் ‘ஷேர் ஹவுஸ்’ மூன்றாவது வழி. பேராசிரியரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். அவர் இல்லை என்று சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையை ஆய்வகத்தில் பிறகு கொடுக்க நேரும்.

28 மணி நேரக் கணக்கு

மாணவர் விசாவில் வேலை செய்ய உரிமை இல்லை. தனி அனுமதி வாங்க வேண்டும். புதிதாக வருபவர் விமான நிலையத்திலேயே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். அனுமதி கிடைத்தால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை, பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எந்த நாளிலிருந்து தொடர்ந்து ஏழு நாட்களை எண்ணினாலும் 28-ஐத் தாண்டக் கூடாது என்பதே விதி. இரண்டு கடைகளில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. பச்சின்கோ சூதாட்டக் கூடங்கள், மஹ்ஜாங் கூடங்கள், ஹோஸ்டஸ் மதுக்கூடங்கள் போன்ற இடங்களில் பாத்திரம் கழுவும் வேலைகூடச் செய்யக் கூடாது.

மீறினால் யார் பார்க்கப்போகிறார்கள்? அன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை, அதுதான் பொறி. படிப்பு முடிந்து வேலை விசாவுக்கு மாறும்போதோ மாணவர் விசாவைப் புதுப்பிக்கும்போதோ வரிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஆண்டு வருமானத்தை மணிநேரக் கூலியால் வகுத்தால் உண்மை வெளியே வந்துவிடும். நான்கு ஆண்டுப் படிப்பின் பலன் அந்த ஒரு வகுத்தலில் போய்விடக்கூடும்.

முகவர்கள் சொல்லும் ‘படித்துக்கொண்டே சம்பாதித்துக் கட்டணம் கட்டிவிடலாம்’ என்ற வாக்குறுதியை இந்த இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென் ஆனது. நாட்டிலேயே அதிகமான விகிதம் அதுதான், ஒகினாவாவில் 1,023. டோக்கியோ விகிதத்தில் நான்கு வாரம் முழுமூச்சாக 112 மணி நேரம் உழைத்தால் சுமார் 1,37,000 யென். வாடகை 60,000, சிக்கனமான சாப்பாடு 35,000, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி எல்லாம் 15,000, காப்பீடு 2,000 என்று கழித்தால் மிஞ்சுவது 25,000. தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கட்டணம் 2005 முதல் ஆண்டுக்கு 5,35,800 யென். மாதத்துக்குப் பிரித்தால் 44,650. டோக்கியோ பல்கலைக்கழகம் 2025-இல் சேர்ந்த இளநிலை மாணவர்களுக்கு அதை 6,42,960 ஆக்கிவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இன்னும் அதிகம். கணக்கு உதைக்கிறது. அரசே தன் உதவித்தொகை பெறும் இளநிலை மாணவருக்கு அண்மை ஆண்டுகளில் மாதம் 1,17,000 யென் கொடுத்துவந்திருக்கிறது. கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் அவ்வளவு வேண்டும் என்பது அரசின் மதிப்பீடு. அதற்குச் சற்றே மேல்தான் 28 மணி நேரம் தருகிறது. ஆகவே பகுதிநேர வேலை சோறு போடும், கூரை தரும். கட்டணத்துக்கு வேறு வழி பார்த்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். தேசியப் பல்கலைக்கழகங்களில் பாதி அல்லது முழுக் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். அதை எண்ணி வரவுசெலவு போடுவதும் ஆபத்து, விண்ணப்பிக்காமல் விடுவதும் முட்டாள்தனம்.

வராமல் போகக் கூடாத கடிதங்கள்

முகவரி பதிவாகும் அதே நாளில் வார்டு அலுவலகத்தில் இன்னும் இரண்டு மேசைகளைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று தேசிய மருத்துவக் காப்பீடு. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் எவருக்கும் கட்டாயம். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 விழுக்காடு மட்டும் நம் பங்கு. தவணை, முந்தைய ஆண்டு ஜப்பானில் ஈட்டிய வருமானத்தைப் பொறுத்தது. புதிதாக வந்தவருக்கு வருமானம் பூஜ்யம் என்பதால் பெரும்பாலும் மாதம் 2,000 யென் அளவில் முடியும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: வருமானமே இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் அந்தப் படிவத்தைக் குப்பையில் போட்டவர்களுக்குத் தவணையில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் 30 விழுக்காடே லட்சங்களில் வரும் என்று அஞ்ச வேண்டாம். மாதாந்திர உச்சவரம்பு உண்டு. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்களுக்கு 2025 நிலவரப்படி அது 35,400 யென். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் பக்கத்துச் சிறு மருத்துவகத்துக்குத்தான் போக வேண்டும். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்கு நேரே போனால் குறைந்தது 7,000 யென் தண்டம்போலக் கூடுதலாக வாங்குவார்கள். அதற்குக் காப்பீடும் கிடையாது.

இரண்டாவது மேசை ஓய்வூதியம். இருபது வயதான எவரும் தேசிய ஓய்வூதியத்தில் சேர வேண்டும். 2025 நிதியாண்டில் மாதத் தவணை 17,510 யென். மாணவர் என்று சொல்லி விண்ணப்பித்தால் தள்ளிவைத்துத் தருவார்கள், ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நான் எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறவன், கிழவனான பிறகு ஜப்பானிய ஓய்வூதியம் எதற்கு என்று கடிதத்தைப் பிரிக்காமலே விடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தெரியாதது, இதே திட்டத்துக்குள்தான் உடல் ஊனத்துக்கான ஓய்வூதியமும் இருக்கிறது என்பது. தள்ளிவைப்பு பெற்ற மாணவர் சைக்கிளில் போய் விபத்துக்குள்ளானால் அதற்குத் தகுதி உண்டு. விண்ணப்பிக்காமல் தவணையும் கட்டாமல் விட்டவருக்கு இல்லை.

சமையலறை

இங்கே தமிழ் வீட்டுக்காரர்கள் செய்யும் முதல் தவறு மிக்ஸியைச் சுமந்து போவது. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகும், அரைக்காது. பிரஷர் குக்கர் எடுத்துப் போகலாம். ஆனால் அறையில் இருப்பது மின் அடுப்பாக இருந்தால் அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை போன்றவற்றில் சிலவற்றுக்குத் தடையே உண்டு, மற்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். டோக்கியோவின் எடோகாவா வார்டில் நிஷி-கசாய் நிலையத்தைச் சுற்றி இந்தியத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். துவரம் பருப்பும் புளியும் பெருங்காயமும் அங்கே கிடைக்கும். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் தபாலில் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

அரிசி மலிவு என்ற நினைப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2025 வசந்தத்தில் ஐந்து கிலோ மூட்டையின் சராசரி விலை 4,000 யென்னைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் ஏறத்தாழ அதில் பாதி. அரசு தன் இருப்பிலிருந்து எடுத்துவிட்ட பழைய அரிசியை வாங்கக் கடைகளில் வரிசை நின்றது.

சைவர்களுக்கு ஜப்பான் கடினமான ஊர். காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் சோயா சாஸ் கலவையிலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்த ‘தாஷி’ இருக்கும். மேசையில் மீன் துண்டு இல்லாததால் கடைக்காரர் அதை மீனாகவே கருதமாட்டார், பொய் சொல்லவில்லை. பொட்டலங்களின் ஒவ்வாமைப் பட்டியலை நம்பியும் பயனில்லை. முட்டை, பால், கோதுமை போன்றவற்றைக் குறிப்பிடுவது கட்டாயம். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் ஆகியவை பரிந்துரைப் பட்டியலில்தான் வருகின்றன. பின்பக்கத்து மூலப்பொருள் வரியைச் செயலியில் காட்டிப் படிப்பதே வழி. பல்கலைக்கழகக் கூட்டுறவு உணவகங்கள் இதில் நல்ல பிள்ளைகள்: அரிசி அளவைத் தேர்ந்தெடுக்கலாம், சில இடங்களில் ஹலால் உணவும் கிடைக்கும், பல பல்கலைக்கழகங்களில் பருவநேரத்தில் 100 யென்னுக்குக் காலை உணவு போடுகிறார்கள். கூட்டுறவில் சேரக் கட்டும் பங்குத்தொகை படிப்பு முடிந்து போகும்போது திரும்பக் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் மாலை மங்கியதும் சமைத்த உணவுகள்மீது பாதி விலை ஒட்டு போடுவார்கள். அந்த ஒட்டுக் கருவியோடு வரும் ஊழியரின் நேரம் பேட்டைக்குப் பேட்டை மாறும், மாணவர்கள் அதைப் பாட அட்டவணையைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

குப்பை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், மூடியும் தாளும் நீக்கிக் கழுவிய பெட் பாட்டில் என்று பிரித்து, அந்தந்த நாளில் காலை எட்டு மணிக்குள் வைத்தால் சரி. ஊருக்கு ஊர் விதி வேறு: கியோட்டோவில் நகராட்சி விற்கும் மஞ்சள் பையில்தான் எரியும் குப்பையைப் போட வேண்டும், டோக்கியோவின் 23 வார்டுகளில் உள்ளே தெரியும் எந்தப் பையும் போதும். சைக்கிள் பற்றி எச்சரிக்கை தேவைப்படுகிறது. திருட்டுத் தடுப்புப் பதிவு சட்டப்படி கட்டாயம். ஊர் திரும்பும் நண்பர் விட்டுப்போன சைக்கிளைப் பெயர் மாற்றாமல் ஓட்டினால், நிறுத்திச் சோதிக்கும் போலீஸ்காரருக்கு அது வேறொருவர் சைக்கிள். காப்பீடு டோக்கியோவில் 2020 முதல், கியோட்டோவில் 2018 முதல் கட்டாயம். 2026 ஏப்ரலிலிருந்து 16 வயது நிரம்பியவர்களுக்குச் சைக்கிள் விதிமீறலுக்கும் அபராதச் சீட்டு உண்டு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென்.

ரயிலில் ஒரு பாகுபாடு இருக்கிறது, பலர் வந்த பிறகே அறிகிறார்கள். மாணவர் மாதச் சீட்டு, முறையான பட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு முன் ‘கென்க்யூசெய்’ எனப்படும் ஆய்வு மாணவராக ஆறு மாதமோ ஓராண்டோ இருப்பவர்களுக்கு, அடையாள அட்டை இருந்தாலும், கிடையாது. தொலைவில் மலிவு வீடு பார்ப்பவர்கள் இந்தச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

போகும்போதும் யாராவது வேண்டும்

விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் விமான நிலையத்தில் கொடுக்கும் புறப்பாட்டுச் சீட்டில் ‘திரும்பி வருவேன்’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். ஓராண்டுக்குள் திரும்ப அதுவே அனுமதி. குறியிடாமல் போனால் வசிப்பிட உரிமை அன்றோடு முடிந்துவிடும்.

நிரந்தரமாகக் கிளம்புவது இன்னும் நீண்ட வேலை. மார்ச் மாதம் நாடே வீடு மாறும் காலம். பெரிய குப்பைக்கு முன்பதிவு செய்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி, ஏ.சி. ஆகிய நான்கையும் 2001-இல் வந்த மறுசுழற்சிச் சட்டத்தால் பெரிய குப்பையாகக்கூட வைக்க முடியாது, பணம் கொடுத்துத்தான் ஒப்படைக்க வேண்டும். நண்பர் இனாமாகத் தருகிறாரே என்று பழைய பெட்டியை வாங்குமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. அறையை ஒப்படைக்கும்போது முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது பெரிய சண்டை. வெயிலில் பாய் நிறம் மாறியது, இயல்பான தேய்மானம் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வழிகாட்டு நெறி சொல்கிறது. 2020 முதல் குடிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வங்கிக் கணக்கை மூடிவிட வேண்டும். கிளம்பும் மாணவர்களின் கணக்கை விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மோசடிக் கும்பல்கள் அதைப் பயன்படுத்தும், விற்றவர்மீது வழக்கு வரும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஓய்வூதியத் தவணை கட்டியிருந்தால் நாட்டை விட்டுப் போன பின் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கலாம். குடியிருப்பு வரியும் இருக்கிறது: ஜனவரி 1 அன்று ஜப்பானில் வசித்தவரிடம் முந்தைய ஆண்டு வருமானத்துக்கு, ஜூனில் சீட்டு அனுப்பி வசூலிப்பார்கள். மார்ச்சிலேயே கிளம்பியவரின் சீட்டு எங்கே போகும்? அதற்காக வரி அலுவலகமும் வார்டு அலுவலகமும் ஜப்பானில் வசிக்கும் ஒருவரைப் பிரதிநிதியாக நியமித்து எழுதிக் கொடுக்கச் சொல்கின்றன. ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு தொலைபேசி எண்.